நன்றிப் பக்கத்தில் இருந்த பெயர்கள்

வரலாற்றுப் புத்தகம் எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் புரட்டுவது நன்றி சொல்லும் பக்கத்தைத்தான். யார் சுவடி எடுத்துக் கொடுத்தார், யார் கூட உட்கார்ந்து படித்துச் சொன்னார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். புனேயில் அடி விழுந்தது அந்தப் பக்கத்தின் மேல்தான்.

அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் லெய்ன் சத்ரபதி சிவாஜியைப் பற்றி எழுதிய நூல் 2003இல் வந்தது. சிவாஜியின் பிறப்பை வைத்து மராத்தியர்களே கேலி பேசிக்கொள்வதாக அதில் ஒரு வரி. ஆதாரம் எதுவும் காட்டவில்லை. எனக்கும் அந்த வரி ஏற்புடையது இல்லை. காதில் விழுந்த பேச்சு வரலாறு ஆகிவிடாது. மராத்தி வரலாற்றாளர்கள் சிலர் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். நவம்பரிலேயே பதிப்பகம் இந்தியாவில் நூலைத் திரும்பப் பெற்றது. சரி, அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. லெய்ன் நன்றி சொல்லியிருந்தவர்களில் ஒருவரான சமஸ்கிருத அறிஞர் ஸ்ரீகாந்த் பகுல்கரின் முகத்தில் டிசம்பரில் கரி பூசினார்கள். 2004 ஜனவரி 5 அன்று புனேயில் இருக்கும் பண்டார்கர் ஆய்வு நிறுவனத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து அலமாரிகளைச் சாய்த்தது, நூல்களையும் சுவடிகளையும் வாரி இறைத்தது. அந்த நிறுவனம் செய்த குற்றம், லெய்ன் அங்கே படித்தார் என்பது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளை ஒப்பிட்டு, 1919இல் தொடங்கி 1966 வரை உழைத்து மகாபாரதச் செம்பதிப்பை முடித்த இடம் அது.

என்னால் மறக்க முடியாதது கஜானன் மெஹெந்தளே செய்ததுதான். சிவாஜி வரலாற்றுக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். லெய்னைக் கண்டித்தவர்களில் அவரும் ஒருவர். பண்டார்கர் தாக்கப்பட்ட வேதனையில், தான் எழுதி வைத்திருந்த சிவாஜி வரலாற்றின் அச்சேறாத பக்கங்களை நூற்றுக்கணக்கில் தானே கிழித்துப்போட்டார். சிவாஜியின் பெயரால் வந்த கும்பல், சிவாஜியைப் பற்றிய எழுத்தையே இப்படி அழிய வைத்தது.

மகாராஷ்டிர அரசு நூலுக்குத் தடை போட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2007இல் தடையை நீக்கியது, உச்ச நீதிமன்றம் 2010இல் அதை உறுதி செய்தது. சட்டப்படி எழுத்துக்குத்தான் வெற்றி. ஆனால் வரலாற்றாளர் தனியாளாக எழுதுவதில்லையே! நூலகர், சுவடி படிப்பவர், பழைய எழுத்தை அடையாளம் சொல்பவர் என்று பத்துப் பேர் கை கொடுத்தால்தான் ஒரு பக்கம் தேறும். தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காக அந்தப் பத்துப் பேரின் பயம் போய்விடுமா?

தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்கள் சிவாஜியின் தம்பி ஏகோஜியின் வழிவந்தவர்கள். அவர்கள் காலத்தில் மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் எழுதிய ஆவணங்களைப் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் சில வருடங்களுக்கு முன்பு ஒரு தாளைக் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்து இரண்டு மணி நேரம் படித்துச் சொன்னார். காசு வாங்கவில்லை. கட்டுரையில் அவருக்கு நன்றி போடுவதாகச் சொன்னேன். எழுந்து வாசல் வரை வந்தவர், "என் பேரை மட்டும் எங்கேயும் போட்டுடாதீங்க தம்பி" என்றார்.

அந்தத் தாளில் இருந்தது நெல் அளந்த கணக்கு.