படகிலிருந்து பார்த்த புடாபெஸ்ட் போதாது

ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டிலிருந்து நாங்கள் திரும்பி வந்த பிறகு பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, இரவுப் படகுச் சவாரி போனீர்களா என்பதுதான். போகவில்லை என்றால், அவ்வளவு தூரம் போயும் அதை விட்டுவிட்டீர்களே என்று எங்களுக்காக வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. வியன்னா, பிராக், புடாபெஸ்ட் என்று மூன்று தலைநகரங்களையும் ஒரே வாரத்தில் காட்டி முடிக்கும் சுற்றுலாத் திட்டங்களில், கடைசி நகரத்துக்குப் பெரும்பாலும் ஒரு பகலும் ஒரு படகும்தான் கிடைக்கின்றன. டான்யூப் ஆற்றின் கரையில் விளக்கொளியில் மின்னும் நாடாளுமன்றக் கட்டடத்தைப் படம் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். கட்டடம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் புடாபெஸ்ட்டை அதன் பாலங்களின் மேல் நடந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கருத்துக்குப் பாதிப் பொறுப்பு என் கணவருடையது. நெடுஞ்சாலைத் துறையில் பாலங்கள் கட்டி ஓய்வு பெற்றவர் அவர். எந்த ஊர்ப் பாலத்தைக் கடந்தாலும் எட்டிப் பார்த்துத் தூண்களை எண்ணாமல் விடமாட்டார். எனக்கு வெந்நீர்க் குளியல், அவருக்குப் பாலங்கள் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டுதான் ஐந்து நாள் விடுமுறைக்குக் கிளம்பினோம்.

முதலில் போனது சங்கிலிப் பாலத்துக்கு. மேற்குக் கரையில் குன்றும் கோட்டையுமாக புடா, கிழக்குக் கரையில் சமவெளியில் வணிகர்களின் பெஸ்ட் என்று இரண்டு ஊர்கள் எதிரெதிரே இருந்த காலத்தில், இடையே இருந்தது மிதவைகளைக் கோத்த பாலம் ஒன்றுதான். குளிர்காலத்தில் அதையும் கழற்றி எடுத்துவிடுவார்கள். பனிக்கட்டி உறைந்தால் அதன்மேல் நடக்கலாம். பாதி உறைந்து மிதந்து வந்தால் படகும் போகாது, காலும் வைக்க முடியாது. 1820ஆம் ஆண்டின் இறுதியில், தந்தை இறந்த செய்தி கேட்டு வியன்னாவுக்குப் புறப்பட்ட இளம் பிரபு இஷ்ட்வான் செச்சேனி, ஆற்றைக் கடக்க வழியின்றி ஒரு வாரம் பெஸ்ட் கரையில் காத்துக்கிடந்ததாகச் சொல்வார்கள். பாலம் வேண்டும் என்று பின்னாளில் அவர் விடாப்பிடியாக நின்றதற்கு அந்த ஒரு வாரமே காரணம் என்பது அந்த ஊர் வழக்கு. வில்லியம் டியர்னி கிளார்க் என்ற ஆங்கிலேயர் வரைபடம் தயாரிக்க, ஆடம் கிளார்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கட்டுமானத்தை மேற்பார்க்க, 1849 நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது. கிளார்க் என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் இருவரும் உறவினர்கள் அல்லர். எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பாலத்தின் சுங்கம். அதுவரை எந்த வரியும் கட்டாமல் வாழ்ந்து பழகிய பிரபுக்களும் குடியானவர்களைப் போலவே காசு கொடுத்துத்தான் பாலத்தைக் கடக்க வேண்டும் என்று சட்டமே இயற்றினார்கள். நடந்து கடந்தால் சில நிமிடங்களே ஆகும் அந்தத் தூரத்துக்குப் பின்னால் இத்தனை பெரிய போராட்டம் இருந்திருக்கிறது. இதற்கெல்லாம் போராடிய செச்சேனியோ, 1848இல் மனம் உடைந்து வியன்னாவுக்கு அருகே ஒரு மனநல விடுதியில் சேர்ந்து, 1860இல் அங்கேயே இறந்துபோனார். கட்டி முடித்த பாலத்தில் அவர் ஒருமுறைகூட நடக்கவில்லை.

புடா பக்கம் பாலம் முடியும் இடத்தில் ஆடம் கிளார்க் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. எதிரே குன்றைக் குடைந்து அவரே அமைத்த, ஏறக்குறைய 350 மீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை. மழை பெய்தால் பாலம் நனையாமல் உள்ளே தள்ளி வைக்கத்தான் அந்தச் சுரங்கம் என்பது அந்த ஊரின் பழைய வேடிக்கைப் பேச்சு. நாட்டின் நெடுஞ்சாலைகளின் தூரத்தை அளக்கத் தொடங்கும் சுழியக் கல்லும் அங்கேதான் நிற்கிறது. என் கணவர் அந்த விடுமுறை முழுவதிலும் தாமாகக் கேட்டு எடுத்துக்கொண்ட ஒரே படம் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றதுதான்.

இன்று நாம் பார்ப்பது 1849இன் பாலம் அப்படியே அல்ல. 1945 ஜனவரியில், சோவியத் படைகள் நெருங்கியபோது பின்வாங்கிய ஜெர்மானியர்கள் இந்தப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள்; போர் முடிந்தபோது டான்யூபின் மேல் நகரத்துக்கு முழுப் பாலம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சங்கிலிப் பாலத்தைப் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டி, சரியாக நூறாவது ஆண்டில், 1949இல் திறந்தார்கள். எலிசபெத் பாலத்தை மட்டும் பழையபடி கட்டவில்லை. 1903இன் அலங்காரச் சங்கிலிப் பாலம் நின்ற இடத்தில் 1964இல் அலங்காரமே இல்லாத வெள்ளைக் கம்பிவடப் பாலம் வந்தது. அதுதான் சிறந்தது என்கிறார் என் கணவர். எனக்கு அதில் உடன்பாடில்லை, அது மருத்துவமனைக் கட்டில் போல இருக்கிறது.

அந்தப் பாலத்தடியில்தான் துருக்கியர் ஆட்சியில் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய ருடாஷ் குளியல் மாளிகை இருக்கிறது. துருக்கியக் குளத்தில் சில நாட்கள் ஆண்களுக்கு மட்டும், ஒரு நாள் பெண்களுக்கு மட்டும் என்று முறை வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனது பெண்களின் நாள். குவிமாடத்தில் பதித்த வண்ணக் கண்ணாடிகள் வழியே வெளிச்சம் விழ, எண்கோணக் குளத்து வெந்நீரில் கழுத்தளவு அமிழ்ந்து இரண்டு மணி நேரம் இருந்தேன். வெளியே வந்தபோது அவர் பாலத்தின் அடியில் நின்று இன்னமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே, பெஸ்ட் கரையின் விளிம்பில் இரும்பில் வார்த்த 60 இணைக் காலணிகள் வரிசையாகக் கிடக்கின்றன. 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரியின் நாஜி ஆதரவுக் கட்சியான அம்புச் சிலுவைக் கட்சியின் ஆயுதக் கும்பல், யூதர்களைக் கரையில் நிறுத்திக் காலணிகளைக் கழற்றச் சொல்லிவிட்டு ஆற்றுக்குள் சுட்டுத் தள்ளியது. அன்றைக்குக் காலணிக்கு விலை இருந்தது. 2005இல் வைக்கப்பட்ட நினைவுச்சின்னம் இது. குழந்தையின் காலணியும் அதில் இருக்கிறது. ஆற்றின் நடுவே இசையோடு போகும் படகிலிருந்து இவை கண்ணில் படப்போவதில்லை. நாங்கள் நின்றபோது ஓர் இளைஞர் தம் காலை ஒரு காலணிக்குள் நுழைத்துப் படம் எடுத்துக்கொண்டார். படகில் போகிறவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம் என்று அப்போது தோன்றியது.

கடைசி மாலை சுதந்திரப் பாலத்தில் கழிந்தது. 1896இல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் திறந்து வைத்த பச்சை இரும்புப் பாலம் அது. போருக்குப் பின் முதலில், 1946இலேயே, சீரமைத்துத் திறந்ததும் அதைத்தான். சூரியன் சாயும் நேரத்தில் உள்ளூர் இளைஞர்கள் அதன் இரும்புச் சட்டங்களில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். “ஏங்க, நாமும் உட்காரலாமா?” என்றேன். “இது உட்காருவதற்காகக் கட்டியது இல்லை” என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையால் ஒரு சட்டத்தைத் துடைத்து அவரே முதலில் உட்கார்ந்தார். 47ஆம் எண் டிராம் கடந்தபோது பாலம் முழுவதும் இலேசாக அதிர்ந்தது. அந்த அதிர்வு எவ்வளவு வரை இருக்கலாம் என்று அவர் விளக்கத் தொடங்கினார். இருட்டும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.