‘தௌ’ என்றால் ‘நீ’. ‘தாங்கள்’ அல்ல

அந்த விநாடி வினா காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் “நடுவர் செம பதிலடி” என்று சிரிப்புப் பொம்மை போட்டு ஆளாளுக்கு எனக்கே அனுப்புகிறீர்கள். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

ஷேக்ஸ்பியர் காலத்தில் தன்னைவிடப் பெரியவரை எப்படி விளிப்பார்கள் என்பது கேள்வி. அந்த மாணவி ‘யூ’ என்றாள். தவறு, ‘தௌ’ (thou) என்ற பழைய ஆங்கிலச் சொல்தான் அரசர்களுக்கும் கடவுளுக்கும் உரிய மரியாதைச் சொல் என்றார் நடுவர். “இல்லை சார், அது நம்ம ‘நீ’ மாதிரி” என்று அவள் மெதுவாகச் சொன்னாள். “முதல்ல உச்சரிப்பைச் சரி பண்ணும்மா” என்றார். அரங்கமே சிரித்தது.

அவள் சொன்னது சரி. அவர் சொன்னது தவறு. எத்தனை பேர் கைதட்டினாலும் தவறு தவறுதான்.

ஆங்கிலத்தில் ஆதியில் ‘தௌ’ என்றால் ஒருவர், ‘யீ’ (ye), அதன் இன்னொரு வடிவமான ‘யூ’ (you) என்றால் பலர். அவ்வளவுதான், மரியாதைக் கணக்கே கிடையாது. பிரெஞ்சு பேசிய நார்மன்கள் 1066-இல் இங்கிலாந்துக்கு வந்து ஆண்ட பிறகு, பெரியவரைப் பன்மையில் விளிக்கும் பிரெஞ்சுப் பழக்கம் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து மெல்ல ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டது. ஒருவரே ஆனாலும் மேலிடத்தவர் என்றால் ‘யீ’, ‘யூ’. வேலைக்காரன், குழந்தை, நெருங்கிய நண்பன், எதிரி என்றால் ‘தௌ’. நாம் நீ, நீங்கள் என்று பிரிக்கிறோமே, ஏறக்குறைய அதே பிரிவினை. இதை ஒரு தமிழ் மேடையில் விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

1603-இல் இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில், கடலோடியும் கவிஞருமான சர் வால்டர் ராலே மீது தேசத்துரோக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் ஆத்திரத்தின் உச்சியில் அவரை விரியன் பாம்பே என்று ஏசிவிட்டு, “உன்னை நான் ‘தௌ’ என்றுதான் சொல்வேன், துரோகி!” என்று கத்தினார். நம் ஊர்ச் செய்தித்தாள் இதை எப்படி எழுதும்? “ஒருமையில் பேசினார்” என்று எழுதும். ‘தௌ’ போட்டுப் பேசுவதற்கென்றே, அந்தச் சொல்லையே வினைச்சொல்லாக ஆக்கி வைத்திருந்தார்கள். வட இங்கிலாந்தில் உள்ள யார்க்‌ஷயரில் இன்றும் ஒரு சொலவடை உண்டு: என்னை நீ போட்டுப் பேசாதே, உன்னையே நீ போட்டுப் பேசிப் பார், எப்படி இருக்கிறதென்று தெரியும்.

அடுத்து குவேக்கர்கள், 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவக் குழுவினர். ஏழை பணக்காரன் எல்லாரையும் ‘தௌ’ என்றே அழைக்க வேண்டும் என்பது அவர்களைத் திரட்டிய ஜார்ஜ் ஃபாக்ஸின் கொள்கை. அதற்காக அடிபட்டார்கள். பின்னாளில் பார்வையிழந்த கவிஞர் மில்டனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டிய தாமஸ் எல்வுட் அந்தக் கூட்டத்தில் சேர்ந்த இளைஞர். பெற்ற தகப்பனையே ‘தௌ’ என்றார். இன்னொரு தரம் அப்படிச் சொன்னால் பல்லை உடைத்துத் தொண்டைக்குள் தள்ளிவிடுவேன் என்றார் தகப்பன். மரியாதைச் சொல்லைக் கேட்டா ஒரு தகப்பனுக்கு இந்தக் கோபம் வரும்?

“பைபிளில் கடவுளை அப்படித்தானே அழைக்கிறார்கள்?” என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்கிறேன். நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவன். காலையில் தமிழ் ஆராதனை, மாலையில் ஆங்கில ஆராதனை. தமிழில் ‘உம்முடைய நாமம்’ என்று ஜெபிப்போம். அதே இடத்தில் ஆங்கிலத்தில் ‘தை நேம்’ (thy name) வரும். ‘தை’ என்பது ‘தௌ’வுக்குரிய ‘உன்னுடைய’. ‘உம்முடைய’ மரியாதை, அப்படியானால் ‘தை’யும் மரியாதை என்று நம் காதுக்குப் பழகிவிட்டது. ஆனால் அதே 1611 ஆங்கில வேதாகமத்தில் இயேசு சாத்தானையும் இதே சொல்லால்தான் விரட்டுகிறார். தமிழில் அது “அப்பாலே போ சாத்தானே.” கடவுளுக்கு நீர், சாத்தானுக்கு நீ என்று பிரித்தது தமிழ். ஆங்கிலம் பிரிக்கவில்லை, ஒருவர் என்றால் ‘தௌ’, அது யாராக இருந்தாலும் சரி. மூல மொழிகளில் இருந்த ஒருமை பன்மையை வேதாகமத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டிண்டேல் 1526-லேயே அப்படிக் கொண்டுவந்தார், பின்னால் வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதை எனக்குக் காட்டியவர் அப்பா. அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியர். அவருடைய ஆங்கில வேதாகமத்தில் லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் இரண்டு சொற்களுக்கு மேல் பென்சிலால் எழுதியிருப்பார். சாத்தான் ‘யூ’வைப் புடைக்கக் கேட்டான் என்ற இடத்தில் “பன்மை”, நான் ‘தீ’க்காக (thee, ‘தௌ’வின் இன்னொரு வடிவம்) வேண்டிக்கொண்டேன் என்ற இடத்தில் “ஒருமை”. புடைக்கக் கேட்டது சீடர்கள் எல்லாரையும். வேண்டிக்கொண்டது சீமோன் ஒருவனுக்காக. தமிழில் உங்களை, உனக்காக என்று அந்த வேறுபாடு அப்படியே நிற்கிறது. இரண்டையும் வெறும் ‘யூ’ ஆக்கிய புது ஆங்கிலத்தில் அது கண்ணுக்கே தெரியாது. எங்கள் வீட்டுத் திண்ணையில் டியூஷன் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் இந்த வசனத்தைக் காட்டாமல் விடமாட்டார்.

“மொழி மாறும் சார், இன்று அது மரியாதையாகத்தானே ஒலிக்கிறது?” ஒலிக்கிறது, மறுக்கவில்லை. பேச்சிலிருந்து போய் ஜெபத்தில் மட்டும் தங்கிய சொல்லுக்கு ஒரு புனிதம் வந்து சேர்ந்தது. 1952-இல் வந்த வேதாகமத்தின் திருத்திய அமெரிக்கப் பதிப்பு, மற்ற எல்லாருக்கும் ‘யூ’ போட்டுவிட்டு கடவுளிடம் பேசும் இடங்களில் மட்டும் ‘தௌ’வை வைத்துக்கொண்டது. ஆனால் கேட்ட கேள்வி இன்றைய ஒலியைப் பற்றியதா? ஷேக்ஸ்பியர் காலத்தைப் பற்றியது. அந்தக் காலத்துக்கு அவள் சொன்னதுதான் பதில்.

“ஒரு பழைய சொல்லுக்கு இவ்வளவு கோபமா?” என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

என் கோபம் அந்தச் சொல்லோடு நிற்கவில்லை. அப்பாவை ஒருமுறை ஒரு நகரத்துக் கல்லூரிக் கருத்தரங்குக்கு அழைத்துப்போனேன். கேள்வி நேரத்தில் எழுந்து, பேச்சாளர் காட்டிய மேற்கோளில் ஒரு திருத்தம் சொன்னார். திருத்தம் சரி. ஆனால் திருநெல்வேலி வாடையோடு வந்த ஆங்கிலத்தைக் கேட்டு முன்வரிசையில் சிரித்தார்கள். பேச்சாளர் “நன்றி, அடுத்த கேள்வி” என்றார். அப்பா உட்கார்ந்து சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டார். வீடு வரும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் எழுந்திருக்கவும் இல்லை. அந்த மாணவி தலையைக் குனிந்தபோது எனக்கு அந்தச் சட்டைப் பைதான் ஞாபகம் வந்தது.

விஷயம் தெரிந்தவர் வாயை அடைக்க உச்சரிப்பைப் பிடித்துக்கொள்வது நம் ஊரில் நெடுங்காலமாக நடக்கிறது. நாக்கு எப்படிப் புரண்டால் என்ன, அவள் படித்திருக்கிறாள். இவர் படிக்கவில்லை. படிக்காதவர் நடுவர் நாற்காலியில், படித்தவள் குனிந்த தலையோடு. இதற்குத்தான் கைதட்டினீர்கள். நான் மதிக்கும் சிலரும் அதில் இருக்கிறார்கள், அது இன்னும் வலிக்கிறது.

“நடுவர் மூத்தவர், தனியாகச் சொல்லியிருக்கலாமே” என்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் அவர் தனியாகவா சொன்னார்?

நடத்தியவர்கள் காணொளியை நீக்க வேண்டாம். அதன் கீழேயே திருத்தம் போடுங்கள், அவளுக்குச் சேர வேண்டிய மதிப்பெண்ணைக் கொடுங்கள், அவளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ‘தௌ’ பற்றி என்னோடு வாதாட வருபவர்கள் தாராளமாக வரலாம், விடிய விடியப் பேசத் தயார். அவள் உச்சரிப்பைப் பற்றி இங்கே ஒரு வரி எழுதினாலும் உடனே தடுத்துவிடுவேன்.