இரண்டு வாரத்தில் தெரியாது

"மார்பக அழகு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரத்தில் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லையென்றால் சிகிச்சை தோல்வி" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

வீக்கம் இரு பக்கமும் ஒரே வேகத்தில் வடியாது. இம்ப்ளான்ட் (மார்பகத்துக்குள் வைக்கும் செயற்கைப் பை) வைத்திருந்தால் முதலில் அது மேலே தூக்கலாகத் தெரியும். இறங்கி அமைய 3 முதல் 6 மாதம் ஆகலாம். ஒரு பக்கம் முந்திக்கொள்வதும் சகஜம். தழும்பு மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகும். தவிர, பெரும்பாலானோருக்கு அறுவைக்கு முன்பே அளவிலும் காம்பின் உயரத்திலும் சிறு வித்தியாசம் உண்டு (அப்போது யாரும் இவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை). பழைய படத்தோடு ஒப்பிடாமல் குறை சொல்வதில் பொருளில்லை.

ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினாலோ, கடுமையாக வலித்தாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ காத்திருக்கக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.