டிஜிலாக்கரில் ஒரு முக்கியமான வித்தியாசம்

இணையத்தில் கிடைக்கும் இலவசச் சேவைகளே அன்றாட வேலைக்குப் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது சரிதான், ஆனால் ஆவணங்களை இணையத்தில் வைத்துக்கொள்ள மத்திய அரசு தரும் டிஜிலாக்கரில் ஒன்றைக் கவனியுங்கள். காரைக்குடி வீட்டில் அப்பச்சியின் காகிதமெல்லாம் தகரப் பெட்டிக்குள்தான், பட்டாவின் மடிப்பில் எழுத்தே அழிந்துவிட்டது, சரி என்று ஓட்டுநர் உரிமம் முதல் எல்லாவற்றையும் படமெடுத்து அதில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நாமே ஏற்றும் படம் வெறும் நகல்தான். வழங்கிய துறையிடமிருந்தே அதில் நேராக எடுத்து வைத்தால்தான், மத்திய அரசின் 2016 டிஜிட்டல் லாக்கர் விதிகளின்படி, அசலுக்குச் சமம். ஆதார், உரிமம் இரண்டையும் அன்று ராத்திரியே அப்படி எடுத்து வைத்தேன். பட்டாவைத் தமிழ்நாடு அரசின் இணையதளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம், ஊரும் புல எண்ணும் கையில் இருக்க வேண்டும். அப்பச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை இரண்டு தடவை வாசித்தார்கள்.