நகல் என்று சொன்னதுதான் இடிக்கிறது
காமிக்ஸ் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் பழைய பிரிட்டிஷ் சூப்பர் ஹீரோக்களை 'அமெரிக்க நகல்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே! 1962இல் வேலியன்ட் என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் வார இதழில் தொடங்கிய இரும்புக்கை மாயாவியைப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆரம்பத்தில் ஆள் வில்லன் வேறு. ஓவியர் ஹெசஸ் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைப் படங்களில் அந்தக் கை தனியாக நகர்வது எனக்கு இன்றும் சிலிர்ப்புதான். 1965இல் பிரிட்டனின் லயன் இதழில் வந்த ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் அல்ல) குற்றவுலகச் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டவன். அவனுக்கு அப்புறம் கதை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்! 1972இல் தமிழில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே நம் மாயாவிதான். அட்டை கிழிந்த மாயாவி கதை ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, யாருக்கும் இரவல் கிடையாது.