தேயிலைக் காடு ஒண்ணும் சினிமா செட் இல்ல

மூணாறு போறவங்க முதல் நாளே நல்லதண்ணி எஸ்டேட்ல இருக்கிற தேயிலை அருங்காட்சியகத்தைப் பார்த்துடுங்க. நம்மாளுங்க செய்யிறது நேர்மாறு. வண்டியை ஓரங்கட்டினதும் செடிக்குள்ள இறங்கி ரீல்ஸ். மியூசியம் எல்லாம் மழை பெய்ஞ்சா ஒதுங்கத்தான்.

எனக்கு அங்க பிடிச்சது மெஷின் ஓடுற இடம். வாட வெச்ச கொழுந்து பல்லு வெச்ச உருளைகளுக்கு நடுவுல கிழிஞ்சு, நசுங்கி, சுருண்டு பச்சைத் தூளா விழுது. காத்துப் பட்டுப் பட்டுச் செம்பு நிறமாகி, சூட்டுல காஞ்சு கறுப்பாகுது. கடைசியில சல்லடை. டீக்கடை டஸ்ட் டீயைக் குப்பைன்னு சொல்ற மேதாவிகள் இது முன்னாடி அஞ்சு நிமிஷம் நிக்கணும். உள்ளே போறது ஒரே கொழுந்து, சல்லடைக் கண்ணுதான் வேற. பாலுக்கு ஈடு கொடுக்கிற சாயம் அந்தப் பொடியிலதான் சட்டுனு இறங்கும்.

அங்கேயே ஒரு கருங்கல் சூரியக் கடிகாரம் இருக்கு. 1913ல நம்ம நாசரேத் தொழிற்பள்ளியில செஞ்சது. தூத்துக்குடிப் பக்கத்துல இருந்து மலையேறினது கல்லு மட்டும் இல்ல, ஆளுங்களும்தான். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் (வரிசை வீடுகள்) மேல மலை சரிஞ்சு 70 பேர் போனாங்களே, அதுல நிறையப் பேருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். வரையாடு பார்க்கக் கூட்டம் கூட்டமா ராஜமலை போறோமே, அதே பக்கம்தான் பெட்டிமுடி.

எல்லாரும் போட்டோ எடுக்கிற அந்த ஒரே மட்டம் தானா வந்தது இல்ல. சும்மா விட்டா தேயிலை மரமாயிடும். வருஷக் கணக்குல கவ்வாத்து வெட்டி, திரும்பத் திரும்பக் கொழுந்தெடுத்து, மனுஷக் கை பிடிச்சு வெச்சிருக்கிற மட்டம் அது. அந்தக் கைகள்ல பெரும்பாலானவை தமிழ்ப் பெண்களோடது. 2015ல போனஸை வெட்டினதுக்கு எதிரா தொழிற்சங்கத் தலைவர்களைக்கூடக் கிட்ட சேர்க்காம மூணாறு ரோட்டை மறிச்சு உட்கார்ந்தவங்க. சிரிச்சபடி கூடையோட போஸ் கொடுக்கணும்னு இவங்ககிட்ட கேட்க நமக்கு எப்படி வாய் வருது?

கொழுந்தெடுக்கிறவங்களை நிறுத்தி செல்ஃபி கேட்கிறது ஆகவே ஆகாது. அடிப்படை எடைக்கு மேல எடுக்கிற கிலோவுக்குத்தான் கூடுதல் காசு. நம்ம போட்டோவுக்கு நிக்கிற நேரம் அவங்க கூலியில போகும். பேசணும்னா எடை போட்டு முடிஞ்சு ரோட்டுக்கு வரும்போது பேசுங்க. கைடு, மொழிபெயர்ப்பு எதுவும் தேவையில்ல. "எந்த ஊரு?"ன்னு அவங்களே முதல்ல கேட்பாங்க.