தங்க நட்சத்திரமும் சின்ன அறையும்

அமெரிக்காவின் மினியாபொலிசுக்கு வரும் நண்பர்கள் எல்லாரும் என்னிடம் கேட்கும் முதல் இடம் ஃபர்ஸ்ட் அவென்யூ என்ற இசை கிளப். கறுப்புச் சுவர் முழுக்க வெள்ளி நட்சத்திரங்கள், ஒவ்வொன்றிலும் அங்கே வாசித்தவர்களின் பெயர். ஒன்றே ஒன்றுதான் தங்கம். 2016 ஏப்ரலில் எங்கள் ஊர்ப் பாடகர் பிரின்ஸ் இறந்த பிறகு, ஒரு ராத்திரி உள்ளூர் ஓவியர் ஒருவர் யாரிடமும் சொல்லாமல் வந்து அவருடைய நட்சத்திரத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டிவிட்டுப் போனார். நண்பர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எனக்கு மனசு கேட்காது. அதே கட்டடத்தின் இன்னொரு வாசலைக் காட்டி, "இதையும் பாருங்கள், இந்த அறை இல்லையென்றால் அந்தத் தங்கமும் இல்லை" என்பேன்.

அந்த அறையின் பெயர் செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி. 250 பேர் நின்றாலே நெரிசல்.

கட்டடம் 1937-இல் கிரேஹவுண்ட் கம்பெனியின் பஸ் நிலையமாகக் கட்டப்பட்டது. மூலையில் வளைந்து திரும்பும் சுவரைப் பார்த்தாலே அது தெரியும். பஸ்கள் வேறு இடத்துக்குப் போன பிறகு, 1970 ஏப்ரல் 3-ஆம் தேதி 'தி டெப்போ' என்ற பெயரில் இசை கிளப்பாகத் திறந்தது. முதல் கச்சேரி பாடகர் ஜோ காக்கருடையது. ஆனால் கையைக் கடித்தது. 1972-இல் வெளியூர் கம்பெனி ஒன்றின் டிஸ்கோ சங்கிலியில் ஒரு கண்ணியாகி 'அங்கிள் சாம்ஸ்' ஆனது. மேடையில் ஆள் இல்லை, இசைத்தட்டு ஓடும், ஜனம் ஆடும். டிஸ்கோ மோகம் வடிந்ததும் அந்தக் கம்பெனி 1979-இல் கழன்றுகொண்டது.

என்னைப் பொறுத்தவரை கிளப்பின் உண்மையான பிறந்தநாள் அதுதான். கம்பெனி போன பிறகும் ஸ்டீவ் மெக்கிளெல்லன், ஜாக் மையர்ஸ் என்ற இரண்டு உள்ளூர்க்காரர்கள் போகவில்லை. டிஸ்கோ ராத்திரிகளில் வரும் காசை வைத்து, யாருக்கும் பெயர் தெரியாத பேண்டுகளை மேடை ஏற்றினார்கள். 1980 மார்ச்சில் பக்கத்துச் சின்ன அறையையும் திறந்தார்கள். ஹஸ்கர் டூ பேண்ட்காரர்கள் தங்கள் முதல் ஆல்பத்தை 1981 ஆகஸ்டில் அந்த அறையில்தான் நேரடியாகப் பதிவு செய்தார்கள். ரீப்ளேஸ்மென்ட்ஸ் பேண்ட் வளர்ந்ததும் அங்கேதான். 1981 முடியும்போது பெரிய அறைக்கு ஃபர்ஸ்ட் அவென்யூ என்ற பெயர் வந்தது.

1983 ஆகஸ்ட் 3. உள்ளூர் நடனக் குழு ஒன்றுக்கு நிதி திரட்ட பிரின்ஸ் அங்கே வாசித்தார். வெளியே ஒலிப்பதிவு வண்டி நின்றது. கிட்டாருடன் நின்ற வெண்டி மெல்வாயினுக்கு அப்போது 19 வயது, பிரின்ஸின் இசைக்குழுவில் அவருடைய முதல் கச்சேரி அது. யாரும் அதுவரை கேட்டிராத ஒரு பாட்டை அவர்தான் கிட்டாரில் மெதுவாகத் தொடங்கி வைத்தார். 'பர்ப்பிள் ரெயின்.' இன்று நாம் ஆல்பத்தில் கேட்பது பெரும்பாலும் அந்த ராத்திரியின் பதிவுதான். நீளத்தை வெட்டினார்கள், சில வாத்தியங்களைப் பிறகு சேர்த்தார்கள். ஆனால் அடியில் இருப்பது அந்த அறையின் ஒலி. புதுப் பாட்டை, புது ஆளை, சொந்த ஊர் முன்னால் சோதித்துப் பார்க்கும் தைரியம் எல்லா மேடையிலும் வந்துவிடாது.

2004 நவம்பர் 2-ஆம் தேதி கிளப் மூடப்பட்டது. உரிமையாளர்களுக்குள் தகராறு, பிறகு திவால். நகர மேயரே தலையிட்டு திவால் நடவடிக்கையை விரைவுபடுத்தினார். பைரன் ஃபிராங்க், மெக்கிளெல்லன், மையர்ஸ் மூவரும் திவால் நீதிமன்றத்தில் அதை வாங்கினார்கள். 17 நாளில் கதவு திறந்தது. உரிமை தொலைதூரக் கம்பெனி ஒன்றிடம் இருந்திருந்தால் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை அடித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

2020-இல் கொரோனாவால் எல்லா மேடைகளும் இருண்டபோது, ஃபிராங்கின் மகள் டெய்னா, பெரிய கம்பெனிகளைச் சேராமல் நாடு முழுக்க இயங்கும் அரங்குகளின் சங்கத்துக்குத் தலைவரானார். டிசம்பரில் மூடிக்கிடந்த அரங்குகளுக்கு 1,500 கோடி டாலர் நிவாரணம் சட்டமானதில் அந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

"ஃபர்ஸ்ட் அவென்யூவும் இப்போது பல அரங்குகளை நடத்தும் பெரிய கம்பெனிதானே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் 2023 நவம்பரில் ஊழியர்கள் சங்கம் வைத்தபோது நிர்வாகம் முரண்டு பிடிக்காமல் அங்கீகரித்தது. அந்தச் சின்ன அறையை இடித்து பார் ஆக்கவும் இல்லை. இந்த இரண்டும் மாறாதவரை என் டிக்கெட் காசு அங்கேதான்.

போன வாரமும் போயிருந்தேன். மேடையில் நால்வர், கூட்டம் முப்பது பேர் இருக்கும். இரண்டாவது பாட்டில் கிட்டார் தந்தி அறுந்தது. அந்தப் பெண் தரையில் மண்டியிட்டு, செல்போன் வெளிச்சத்தில் புதுத் தந்தியை மாட்டினாள். டிரம்ஸ்காரர் தாளத்தை நிறுத்தவே இல்லை. அவள் எழுந்து சுருதி சேர்க்கும்வரை முப்பது பேரும் கை தட்டிக்கொண்டே நின்றோம்.